சிரிக்கிற சிஸ்டர்

சித்ராதேவிக்குப் பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். மற்றவர்களைப்போலக் கை நடுங்கினாலோ கண் கலங்கினாலோ ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவளுக்கு முதலில் மூக்கு விடைக்கும், அப்புறம் தோள் குலுங்கும், அதற்கப்புறம் யார் வந்து சொன்னாலும் நிற்காது. உசிலம்பட்டியில் பெரியப்பா செத்தபோது, வாசலில் சங்கு ஊதிய சத்தத்தைக் கேட்டு எட்டு வயதுப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா செல்லத்தாய் அவள் தலையைத் தன் முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டு, "புள்ள ஏங்கி ஏங்கி அழுகுது, பாவம்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தாள். பெரியப்பாமேல் உயிரையே வைத்திருந்த பிள்ளை என்று அந்த ஊரில் இன்றைக்கும் அவளுக்குப் பெயர்.

அப்பா வீரணனும் அம்மாவும் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்கள். சித்ரா பிறந்து வளர்ந்ததெல்லாம் திருப்பூரை ஒட்டிய நல்லூரில்தான். அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அம்மா துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். வீட்டுக்குள் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்றும் வாசலைத் தாண்டினால் 'வாங்க, போங்க, ஏனுங்க' என்றும் பேசி, இரண்டு தமிழும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தெருவில் இருந்த மற்றப் பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு பனியன் கம்பெனி வேனில் ஏறியபோது இவள் மட்டும் நர்சிங்கில் சேர்ந்தாள். அதற்கு அவள் சொன்ன காரணம் விசித்திரமானது. ஒருமுறை அப்பாவின் கைக்காயத்துக்குத் தையல் பிரிக்க அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அங்கே நர்சுகள் எல்லாரும் விறுவிறுவென்று நடந்தார்கள். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றார் அப்பா.

"அம்புட்டுத்தாம்ப்பா."

வீரணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதுவும் ஒரு காரணம்தான் என்று சரி சொல்லிவிட்டார்.

படிப்பு முடிந்து, இருபத்திரண்டு வயதில், திருப்பூர் ராயபுரத்தில் இருந்த இருபத்தைந்து படுக்கை மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் புது வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு போனாள். அப்போதுதான் துடைத்த தரையில் அந்த ஷூ வழுக்க, அவள் மருந்து வண்டியைப் பிடித்து, வண்டியும் அவளுமாகப் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தார்கள். கட்டிலில் இருந்த அம்மாக்கள் கை தட்டாத குறை.

தலைமை நர்ஸ் சாரதாமணி, ராயபுரத்திலேயே பரம்பரையாகத் தறி வைத்திருந்த குடும்பத்துக்காரர். நெற்றியில் எப்போதும் முருகன் கோயில் விபூதி. அவருக்குக் கோபம் வந்தாலும் குரல் ஏறாது. 'ங்க' மட்டும் கூடும். "வாங்க கண்ணு. வந்தவுடனே வண்டியெல்லாம் ஓட்டிக் காட்டறீங்க. நடந்து வந்தாப் போதுமுங்க" என்றார். அதைவிடப் பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால் சித்ராவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மருத்துவமனையின் சொந்தக்காரரும் பெரிய டாக்டருமான அருள்செல்வன் ரவுண்ட்ஸ் வந்தார். பதினாலாம் நம்பர் கட்டிலில் இருந்தவருக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டார். நூற்று ஒன்று புள்ளி நான்கு. சித்ராவுக்குத் தெரியும். அவள்தான் பார்த்தாள், அவள்தான் எழுதினாள். வாயைத் திறந்தாள். மூக்கு விடைத்தது.

"நூத்தி ஒண்ணு... நூத்தி..." அதற்குமேல் வரவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல்காரரின் மனைவி, "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரருக்குக் காய்ச்சலடிச்சா இந்தப் புள்ளைக்கு என்னங்க சிரிப்பு?" என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதே பிரிவில் இரண்டு வருடமாக வேலை செய்த அனுசுயாதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த லினன் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "இத பாரு சித்ரா, சிரிப்பு வந்தா இங்க ஓடியாந்திரு. சிரிச்சு முடிச்சுட்டு மொகத்தக் கழுவிட்டு வெளிய வா. நானு சமாளிச்சுக்கறேன்."

முதல் வாரத்தில் சித்ரா அந்த அறைக்குள் பத்தொன்பது முறை போய் வந்ததாக அனுசுயா பிற்பாடு சொன்னாள். சித்ரா அதை ஒத்துக்கொள்வதில்லை. பதினாறுதான் என்பாள்.

படிக்கும்போது யாரும் சொல்லித் தராத விஷயங்கள் எவ்வளவோ இருந்தன. பன்னிரண்டு மணிக்கெல்லாம் பாதம் இட்லிபோல உப்பிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளி ஒருவர் என்றால் கூட வந்தவர்கள் ஒன்பது பேர் இருப்பார்கள், ஒன்பது பேரும் ஒரே கேள்வியைத் தனித்தனியாக வந்து கேட்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டிய பழனிமுத்துவைக் கூப்பிட்டாள். ஒருவர் எழுந்து வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னாள், கழற்றினார். நடக்கச் சொன்னாள், நடந்தார். எக்ஸ்ரே அறை வாசலில்தான் தெரிந்தது, அவர் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த இன்னொரு பழனிமுத்து என்று.

"நீங்களாச்சும் சொல்லக்கூடாதாங்க?" என்று சித்ரா பரிதாபமாகக் கேட்டாள்.

"எடுத்துக் குடுத்தா வேண்டாங்கறதுங்களா, கண்ணு? நெஞ்சுல சளி இருக்குதான்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் லினன் ரூமுக்கு ஓடினாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், நரம்பு பிடிப்பது. டிரிப்ஸ் ஏற்றுவதற்கு ஊசிக்குழாயை நரம்புக்குள் நுழைத்து ஒட்டவேண்டும். கல்லூரியில் ரப்பர் கையில் குத்திப் பழகியபோது ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் ரப்பர் கை அவளைப் பார்த்து முழிப்பதில்லை. நான்காவது வாரம் ஆண்கள் வார்டில் டைபாய்டு காய்ச்சலோடு சேர்ந்திருந்த சென்னிமலை என்ற பெரியவர் முழிப்பார். முப்பது வருடம் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருந்தவர். சாம்பிள் துணியையும் சாயம் போட்ட துணியையும் வெளிச்சத்தில் பிடித்து, அரைப் புள்ளி வித்தியாசத்தைக்கூடச் சொல்லிவிடுவாராம். அவர் கையில் சித்ரா மூன்று முறை குத்தினாள். மூன்றும் தவறிவிட்டது. நான்காவதை அனுசுயா வந்து ஒரே குத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் சென்னிமலை தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார். "நேத்து சாயங்காலம் ராயல் ப்ளூவுங்க. இன்னிக்குக் காலைல பர்ப்பிள். நாளைக்குப் பாசிப்பச்சை வந்துரும். சும்மா சொல்லக்கூடாது, நல்லா ஷேடு ஏத்தியிருக்கற கண்ணு." அதற்குப் பிறகு அவள் ஊசித் தட்டோடு வருவதைத் தூரத்தில் பார்த்தாலே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

அந்த வாரம் அவள் அம்மாவிடம், "நானும் உங்கூடவே ஓவர்லாக்குக்கு வந்துரவாம்மா?" என்று கேட்டாள்.

செல்லத்தாய் தட்டில் சோற்றைப் போட்டபடியே, "துணிதான் வலிக்குதுன்னு சொல்லாது. ஆனா பிஞ்சு போகும்த்தா. மொத மாசம் நான் அறுவது பீஸப் பிச்சேன். தின்னு" என்றாள்.

இப்படியே நான்கு வாரம் ஓடியது. ஐந்தாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சித்திரை வெயில். மாடியில் தியேட்டரில் அருள்செல்வன் ஒரு குடலிறக்க அறுவை செய்துகொண்டிருந்தார். சாரதாமணியும் அவருடன் உள்ளே. கீழே டியூட்டி டாக்டர் யாழினி, அனுசுயா, சித்ரா மூன்று பேர்தான். யாழினி வேலைக்குச் சேர்ந்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை பத்தே முக்கால் மணிக்கு வாசலில் விடாமல் ஹாரன் அடித்தது.

இரண்டு கம்பெனி வேன்கள். பின்னாலேயே ஐந்தாறு பைக்குகள். கதவைத் திறந்ததும் பெண்கள் மளமளவென்று இறங்கினார்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், ஒருத்தி இறங்கிய இடத்திலேயே வாந்தி எடுத்தாள், இன்னொருத்தியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், தூக்கி வந்தவர்களுக்கே நடக்க முடியவில்லை. பிறகு எண்ணியபோது மொத்தம் முப்பத்து நான்கு பேர். முக்கால்வாசிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள். கூட வந்த சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "காலைல டிபனுக்குப் போட்ட தேங்காச் சட்னிங்க டாக்டர். அதுதானுங்க. எனக்கும் வருதுங்க" என்று சொல்லிவிட்டு, அவரும் சுவரோரம் போய்விட்டார்.

வரவேற்பறை, நடைபாதை, மாடிப்படி என்று எங்கே பார்த்தாலும் பெண்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள், அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் வீறிட்டாள், அவள் வீறிட்டதைக் கேட்டு அடுத்தவள் மயங்கினாள். "மர் ஜாயேங்கே, மர் ஜாயேங்கே" என்று ஒரு குரல். செத்துப்போவோம் என்று அர்த்தம் என்பது சித்ராவுக்கும் தெரிந்தது. அவளுக்கு மூக்கு விடைத்தது.

'கடவுளே, இப்ப வேணாம்' என்று லினன் ரூமுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள். உள்ளே விரிப்புக் கட்டுகள்மேல் வரிசையாக ஐந்து பெண்கள் படுத்திருந்தார்கள். இடமில்லாமல் அனுசுயா அங்கே கொண்டுபோய் அடைத்திருந்தாள்.

ஒளிவதற்கு வேறு இடம் இல்லை. சித்ரா நடைபாதை நடுவில் நின்று, அத்தனை பேருக்கும் முன்னால், தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒருத்திக்கு வாந்திக்குத் தட்டைப் பிடித்தாள், ஒருத்தியின் நாடியைப் பார்த்தாள், ஒருத்தியின் தலையைத் தூக்கித் துண்டை மடித்து வைத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும். அவளுக்குத் தெரிந்த இந்தி நல்லூர்த் தெருவில் காதில் விழுந்த இந்திதான். யாராவது பயந்தால் வடக்கத்திக்காரர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று நினைவுக்கு வந்தது.

"கப்ராவ்!" என்றாள் சத்தமாக.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கப்ராவ்! கப்ராவ்!" ஒவ்வொருத்தியின் தோளாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனாள். அழுகை குறையவில்லை, கூடியது. காதில் விழவில்லைபோல என்று நினைத்து நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "சப் லோக் கப்ராவ்!" என்று கத்தினாள். மாடிப்படியில் இருந்த நான்கு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்கள்.

நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்திருந்த மெலிந்த பெண் ஒருத்தி அவள் காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெயர் சுமந்தி என்று பிறகு தெரிந்தது. மூன்று வருடம் திருப்பூரில் இருந்து கொஞ்சம் தமிழ் படித்திருந்தாள். "அக்கா," என்று ஆரம்பித்துவிட்டு ஒருமுறை ஓங்கரித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, 'கப்ராவ் மத்' சொல்லு. மத் சேத்து சொல்லு. நீ சொல்றது, எல்லாம் பயப்படு, எல்லாம் நல்லா பயப்படு" என்றாள்.

சித்ரா நாற்காலிமேல் நின்றபடியே அதைப் புரிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் சிரித்தது பயச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுமந்தியும் அந்த வயிற்று வலியோடு சிரித்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் இந்தியில் சொன்னாள், அவள் அடுத்தவளிடம் சொன்னாள். மாடிப்படிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தார்கள். 'சிஸ்டரே இப்படிச் சிரிக்கிறாள் என்றால் சாகிற அளவுக்கு ஒன்றும் இருக்காது' என்று பலருக்கு அந்த நேரத்தில்தான் தோன்றியிருக்கவேண்டும். மயங்கி விழுவது சட்டென்று நின்றது.

"கப்ராவ் மத்!" என்றாள் சித்ரா, இந்தமுறை ஒழுங்காக. கூட்டமே அதைத் திருப்பிச் சொன்னது.

யாழினிக்கு இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. வேகவேகமாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் பார்த்தவர்களையே திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. சீட்டு எழுதலாம் என்றால் சுனிதா என்ற பெயரில் மட்டும் நான்கு பேர். கையில் பேனாவால் எழுதினால் வியர்வையில் அழிந்தது. "யாருக்கு உடனே டிரிப்ஸ், யாரு உப்புச் சர்க்கரைத் தண்ணி குடிச்சா போதும்னு ஒரு அடையாளம் வேணுமே" என்று நெற்றியைத் தேய்த்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்!" என்று சித்ரா வாசலுக்கு ஓடினாள்.

பின்னால் வந்த வேனில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் கிடந்ததை இறங்கும்போதே பார்த்திருந்தாள். பனியன் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள். திருப்பூரில் வண்டி துடைப்பதிலிருந்து தலையணை அடைப்பதுவரை எல்லாவற்றுக்கும் ஆகிறவை. இங்கே பட்டி கட்டுவதற்கு ஆகாதா? சிவப்பு கட்டினால் உடனே பார்க்க வேண்டியவர், மஞ்சள் என்றால் டிரிப்ஸ், பச்சை என்றால் குடித்துவிட்டு உட்காரட்டும். ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். மூட்டை சரிந்ததும் அதற்குப் பின்னால் ஒரு கால் தெரிந்தது.

கடைசி இருக்கைக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு அம்மா ஒருக்களித்துக் கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். முனகல்கூட இல்லை. கத்தியவர்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் சத்தமே போடாததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தொட்டதும் கை ஜில்லென்று வழுக்கியது, அவ்வளவு வியர்வை. கழுத்து அட்டையில் மருதாள், செக்கிங் பிரிவு என்று இருந்தது. மடியில் இருந்த சுருக்குப்பையில் சர்க்கரை மாத்திரை அட்டை. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்துவிட்டது, மாத்திரை மட்டும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

சித்ராவும் வேன் டிரைவரும் அவரைத் தூக்கி வந்து, வரவேற்பறை மேஜையின் மேல் இருந்ததை எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் படுக்கவைத்தார்கள். விரல் நுனியில் குத்தி மெஷினில் பார்த்தால் சர்க்கரை நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"மேடம், நாப்பத்தொண்ணு!"

யாழினி நடைபாதையின் அந்தக் கோடியில் வேறொருத்தியோடு போராடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே, "நரம்பு போடு! டெக்ஸ்ட்ரோஸ் இருபத்தஞ்சு பர்சென்ட், நூறு எம்.எல். நேரா ஏத்து! நான் வந்துட்டே இருக்கேன்!" என்று கத்தினாள்.

அனுசுயா லினன் ரூமில் மாட்டிக்கொண்டிருந்தாள். சித்ரா மட்டும்தான்.

மருதாளின் கையில் நரம்பே இல்லை. இருந்ததெல்லாம் தண்ணீர் வற்றி உள்ளே போயிருந்தது. முழங்கையில் ஒருமுறை குத்தினாள். வரவில்லை. ரப்பர் பட்டையை அவிழ்த்து மணிக்கட்டுக்கு மேலே கட்டி, கட்டைவிரல் பக்கமாகத் தடவினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குக் கீழே மட்டும், மாவில் புதைந்த நூல்போல ஏதோ ஒன்று நழுவியது. அதன்மேல் குத்தினாள். ஊசிக்குழாயின் பின்பக்கம் சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

அந்தச் சொட்டைப் பார்த்தபோது தனக்கு ஏற்பட்டதை அவளால் இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. ராட்டினம் உச்சிக்குப் போய்க் கீழே இறங்கத் தொடங்கும் நேரம்போல இருந்தது என்பாள். ஒட்டினாள், குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாள், ஏற்றினாள். யாழினி ஓடிவந்து பார்த்துவிட்டு, அவள் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடினாள்.

ஐந்தாறு நிமிடத்தில் மருதாளின் இமை அசைந்தது. கண்ணைத் திறந்து மேலே பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்த சித்ராவைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, எதுக்குச் சிரிக்கற?"

"சும்மாதானுங்க அம்மா."

"என்ற டிபன் பாக்ஸு எங்க? புதுசு. நேத்துத்தான் வாங்குனது."

சித்ரா மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். துணியைப் பட்டியாகக் கிழித்துக் கிழித்து யாழினி சொல்லச் சொல்ல மணிக்கட்டில் கட்டினாள். அப்போது ஆண்கள் வார்டிலிருந்து சென்னிமலை, ஒரு கையில் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, வேட்டியை மறு கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தன் கட்டிலை யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். சும்மா உட்கார முடியவில்லை.

"குடு கண்ணு, நானு கிழிச்சுத் தாரேன்." ஒரு துண்டை எடுத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். "இது சிவப்பு இல்லியே. மெரூனு."

"பரவாயில்லீங்க ஐயா, சிவப்புன்னே வெச்சுக்கலாமுங்க."

"அதெப்பிடிங்க? டாக்டரம்மா சிவப்புன்னு சொன்னாங்கல்ல? இத பாரு, இது மஞ்சள்னு கட்டியிருக்கற, இது லெமன். அந்தப் புள்ள கைல இருக்கறது மஸ்டர்டு. ரெண்டும் ஒண்ணாகுமா? துணி வாங்கற பையரு ரிஜெக்ட் பண்ணிருவான்."

"அவிங்களுக்கு வாந்தி நின்னாப் போதுமுங்க ஐயா!"

அவர் விடவில்லை. மூட்டையைக் கொட்டி, ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள், ஒரே பச்சை என்று தனித்தனியாகப் பிரித்துக்கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார். உண்மையில் அது உதவியாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எந்தக் கூட்டம் என்று பளிச்சென்று தெரிந்தது. பச்சைக்காரர்கள் வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராக உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தார்கள். மஞ்சள்காரர்களுக்கு ஜன்னல் கம்பியிலும் மாடிப்படிக் கைப்பிடியிலும் பாட்டில்கள் தொங்கின. சித்ரா அன்று எத்தனை நரம்பு பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. சில தவறின. தவறினால் அடுத்த கைக்குப் போனாள்.

பன்னிரண்டே கால் மணிக்கு அருள்செல்வன் மாடியிலிருந்து இறங்கினார். பின்னால் சாரதாமணி. படியிலேயே இருவரும் நின்றுவிட்டார்கள். வண்ண வண்ணப் பட்டிகள் கட்டிய பெண்கள், கைப்பிடியில் ஆடும் பாட்டில்கள், வரவேற்பறை மேஜைமேல் படுத்துக்கொண்டு டிபன் பாக்ஸ் விசாரிக்கும் அம்மா, ஸ்டாண்டோடு நின்று துணி பிரிக்கும் டைபாய்டு நோயாளி.

"இதென்ன, ஆஸ்பத்திரியா, தேர்த்திருவிழாவா?" என்றார் டாக்டர்.

சித்ராவுக்கு மூக்கு விடைத்தது. தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டே ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்: "முப்பத்தி நாலு பேருங்க சார். சிவப்பு நாலு, மஞ்சள் பதிமூணு, மீதி பச்சை. சிவப்புல ஒருத்தருக்குச் சர்க்கரை நாப்பத்தொண்ணு இருந்துச்சு, இப்ப நூத்திப் பதினெட்டு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராகச் சிவப்புப் பட்டிக்காரர்களிடம் போனார். சாரதாமணி மட்டும் அவள் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில், "சித்ரா, உங்க தொப்பி எங்கீங்க கண்ணு?" என்று கேட்டார். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. தொப்பி ஒரு பெண்ணின் தலைக்கு அடியில் கிடந்தது.

அன்று மாலைக்குள் இருபத்தொன்பது பேர் நடந்து வேன் ஏறிப்போனார்கள். ஐந்து பேர் தங்கினார்கள். மருதாள் இரண்டு நாள் இருந்துவிட்டு, டிபன் பாக்ஸோடு வீட்டுக்குப் போனார். சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து சட்னியின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று வேன் ஏறியதும் சுமந்தி ஜன்னலிலிருந்து கை நீட்டி, "அக்கா, கப்ராவ்!" என்று கத்தினாள். வேன் முழுக்கச் சிரிப்பு. தெருவில் போனவர்கள், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வண்டி என்று நினைத்திருப்பார்கள்.

மறுவாரத்து டியூட்டிப் பட்டியலில், எமர்ஜென்சி என்ற கட்டத்துக்கு நேராகச் சாரதாமணியின் கையெழுத்தில் சித்ராதேவி என்று இருந்தது. சென்னிமலையோ, வீட்டுக்குப் போகும் நாள்வரை, "எனக்கே மூணு தடவை குத்துனவிங்க, சாதாரண ஆளு இல்லீங்க" என்று வார்டில் புதிதாக வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஊசித் தட்டைக் கண்டால் போர்வையை இழுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அதோடு முடியவில்லை. இரண்டு மணிக்கு முடியவேண்டிய வேலை ஐந்தரைக்குத்தான் முடிந்தது. சித்ரா நல்லூர் வழியாகப் போகும் காங்கேயம் பஸ்ஸில் ஏறினாள். நல்லூருக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது. மணிக்கட்டுப் பக்கம் விரலுக்கடியில் நழுவிய அந்த நூலை நினைத்துக்கொண்டாள். தலை லேசாகச் சுற்றுவதுபோல, காலுக்குக் கீழே பஸ்ஸே இல்லாததுபோல இருந்தது. கண்ணை ஒரு நொடி மூடினாள்.

"ஏனுங்க அம்மிணி. எந்திரிங்க. பஸ் இதுக்கு மேல போகாதுங்க."

கண்டக்டர். வெளியே பார்த்தாள். நல்லூரும் இல்லை, திருப்பூரும் இல்லை. காற்றில் கொப்பரைத் தேங்காயின் வாசம். காங்கேயம் பஸ் நிலையம்.

"நல்லூர்ல ரெண்டு தடவை விசிலடிச்சனுங்க. நீங்க தூக்கத்துல சிரிச்சுட்டு இருந்தீங்க. சரி, எழுப்பப் பாவமா இருந்துச்சு" என்றார் கண்டக்டர்.

இறங்கி நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்து, நாற்பத்தொன்று, மஸ்டர்டு, டிபன் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லி முடித்தாள்.

"அந்தம்மா பொழச்சுருச்சா?"

"பொழச்சுருச்சும்மா."

"நீயா ஊசி போட்ட?"

"நாந்தாம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு செல்லத்தாய், "சரி, இப்ப எங்கிட்டு இருக்க?" என்றாள்.

"காங்கேயத்துல."

"காங்கேயத்துலயா! அங்கிட்டு என்னடி வேல ஒனக்கு?"

"தூங்கிட்டேம்மா."

"அடி கழுத." என்றாள் செல்லத்தாய். "போனதுதான் போன, நல்ல தேங்காண்ணெயா ரெண்டு லிட்டரு வாங்கிட்டு வா. இங்கிட்டு விக்கிறது மணமே இல்ல. வரும்போது ஒக்காராத. நின்னுக்கிட்டே வா."

பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் எண்ணெய் வாங்கினாள். திருப்பூர் பஸ்ஸில் ஏறினாள். பாதிக்குமேல் இருக்கைகள் காலியாக இருந்தன. சித்ராதேவி எண்ணெய்க் கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மேலே கம்பியைப் பிடித்தபடி, நல்லூர்வரை நின்றுகொண்டே வந்தாள்.